சவர்க்காரக் கட்டியை எடை போட்டுப் பாருங்கள்

பெறுநர்: மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார், பள்ளி மேலாளர் வாரியத்தார், தோட்டக் கோயில் நிர்வாகத்தார், தோட்ட அலுவலகத்தார்.

அன்புடையீர், வணக்கம்.

சுத்த வாரம் என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஒரு பதாகை, ஒரு பேச்சாளர், பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, வாயிலில் ‘சுத்தம் சோறு போடும்’ என்று புதிதாகச் சாயம் பூசிய பலகை. மறுநாள் அதே பிள்ளை கழிப்பறைக்குப் போய்வந்து, வெறுந்தண்ணீரில் விரலை நனைத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும். கை கழுவ வேண்டும் என்று அதற்குத் தெரியாமலா? ஏழு படிகளையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கும். குழாயடியில் சவர்க்காரம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த மடலை எழுதுபவர்கள் தோட்ட மருந்தகத்திலும் அரசு கிளினிக்கிலும் உணவுச் சோதனையிலும் வேலை பார்த்தவர்கள். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. சுத்தத்துக்கென்று ஒதுக்கும் பணம் இனிப் பேச்சுக்குப் போகக்கூடாது. குழாய்க்கும், சவர்க்காரத்துக்கும், மூடி போட்ட குப்பைத்தொட்டிக்கும் போக வேண்டும். எங்கே, எத்தனை, எந்த உயரத்தில் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் நம் பழக்கத்தில் உள்ள ஒரு கோணலைச் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு வந்தவரை ‘கை நனைச்சிட்டுப் போங்க’ என்கிறோம். சாப்பிட உட்காருமுன் நாம் செய்வதும் உண்மையில் நனைப்பதுதான். வலக்கை விரல் ஐந்தும் தண்ணீரில் படும், உதறுவோம், இலையில் கை வைப்போம். சாப்பிட்டு எழுந்த பிறகோ குழம்பு எண்ணெய் போகவேண்டுமே என்று சவர்க்காரம் போட்டு முழங்கைவரை தேய்ப்போம். இது தலைகீழ். நோயைக் கொண்டுவருவது சாப்பாட்டுக்கு முன்னால் இருந்த அழுக்கு. சாப்பாட்டுக்குப் பின்னால் ஒட்டியிருப்பது வெறும் குழம்பு.

இன்னொன்று: இடக்கைதான் கழிப்பறைக்கு, வலக்கை சோற்றுக்கு, ஆகவே ஆபத்தில்லை என்ற நம்பிக்கை. ஒற்றைக்கை தன்னைத் தானே கழுவிக்கொள்ள முடியாது. வலக்கையைத் தேய்ப்பதே இடக்கைதான். குழாயைத் திறப்பது, கதவைப் பிடிப்பது, பந்தியில் கரண்டி பிடிப்பது, குழந்தையின் வாயைத் துடைப்பது எல்லாம் இரண்டு கையும் மாறி மாறிச் செய்யும் வேலை. எனவே இரண்டு கையும் சேர்ந்துதான் கழுவப்பட வேண்டும்.

சவர்க்காரம் என்ன செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் ‘தண்ணியிலயே போயிடும்’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோலில் எப்போதும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. கிருமி அதில் ஒட்டியிருக்கும். தண்ணீர் எண்ணெயின்மேல் வழுக்கிப் போய்விடும். சவர்க்காரம் அந்த எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைத்துக் கிருமியையும் சேர்த்துக் கிளப்பிவிடும். கிளப்புவது தேய்ப்பு, கொண்டுபோவது ஓடும் தண்ணீர். அதனால்தான் தேய்க்கும் நேரம் 20 வினாடி என்று சொல்வது. நனைத்து, தேய்த்து, அலசி முடிக்க மொத்தம் 40 வினாடி ஆகும். பெரும்பாலோர் விட்டுவிடும் இடங்கள் கட்டைவிரல், விரல்நுனி, விரலிடுக்கு. உள்ளங்கையை மட்டும் சப்பாத்தி மாவு உருட்டுவதுபோல் உருட்டிவிட்டுப் போகிறார்கள். வாய்க்குப் போவது விரல்நுனி. நுனிகளை மறு உள்ளங்கையில் வைத்துச் சுரண்டித் தேய்க்கச் சொல்லுங்கள், நகக்கண்ணுக்குள் நுரை போகும்.

இனிப் பள்ளிக்கு வருவோம். பள்ளியைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறோம்.

180 பிள்ளைகள், 20 நிமிட ஓய்வு நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு 40 வினாடி. ஒரு குழாயில் 20 நிமிடத்தில் 30 பிள்ளைகள்தாம் கழுவ முடியும். அப்படியென்றால் 6 குழாய் வேண்டும். அதிலும் கடைசிப் பிள்ளை கழுவி முடிக்கும்போது மணி அடித்துவிடும், சாப்பிட நேரமிராது. சிற்றுண்டிச்சாலை ஓரத்தில் இருக்கும் இரண்டு குழாய்களில் ஒன்று கழன்று ஆடிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். வரிசையில் நிற்பதா, சாப்பிடுவதா என்றால் பசித்த பிள்ளை சரியான முடிவைத்தான் எடுக்கும். அதைக் கண்டித்துப் பயனில்லை.

இதற்கு மலிவான வழி இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கூட்டமாகக் கழுவவைக்கிறார்கள். 4 மீட்டர் நீளமுள்ள பிவிசி குழாயை எடுத்து, ஒரு முனையை மூடியால் அடைத்து, அடிப்பக்கத்தில் 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 10 துளை போடவேண்டும். துளை 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பெரிதாகப் போட்டால் தண்ணீர் வரும் பக்கத்துத் துளைகளிலேயே எல்லாம் கொட்டி, கடைசித் துளையில் சொட்டிக்கொண்டு நிற்கும். மறு முனையில் ஒரே ஒரு திருகு குழாய், பெரியவர் ஒருவர் கையில். 10 பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். அவர் திறப்பார், கையை நனைப்பார்கள். மூடுவார், சவர்க்காரம் போட்டு 20 வரை எண்ணித் தேய்ப்பார்கள். மறுபடி திறப்பார், அலசுவார்கள். நிமிடத்துக்கு 10 பேர் முடிந்துவிடும். முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை ஐந்து நிமிடம் முன்னதாக விட்டால் நெரிசலும் இராது. தேய்க்கும்போது தண்ணீர் மூடியிருப்பதால் கட்டணமும் குறையும், இது பொருளாளருக்கு.

உயரத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. பெரியவர் இடுப்புக்குக் குழாய் வைத்தால் ஏழு வயதுப் பிள்ளை கையைத் தூக்கித்தான் கழுவும். தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும். ஒருமுறை நனைந்த பிள்ளை மறுமுறை வராது. சின்னவர்களுக்குத் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர், பெரிய வகுப்புக்கு 75. அடியில் சரிவான சிமெண்ட்டு வாய்க்கால் வேண்டும், அது சாக்கடையில் போய்ச் சேரவேண்டும். இல்லாவிட்டால் பாசி பிடித்து வழுக்கும், தேங்கினால் கொசு வரும். மழைநீருக்கோ தண்ணீர் வெட்டுக்கோ பீப்பாய் வைக்கும் பள்ளிகள் மூடியைக் கவனியுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒருமுறை பீப்பாயைக் காலிசெய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

சவர்க்காரத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. திரவச் சவர்க்காரப் போத்தல் தீரப்போகும்போது தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பது எல்லா இடத்திலும் உள்ள சிக்கனம். திரவத்தில் கெடாமலிருக்க ஒரு மருந்து கலந்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றினால் அது நீர்த்துப்போய்ப் போத்தலுக்குள்ளேயே கிருமி வளரத் தொடங்கும். பழைய போத்தலைக் கழுவிக் காயவைக்காமல் மேலே மேலே நிரப்பிக்கொண்டே போவதும் அப்படித்தான். எங்கள் ஆலோசனை, கட்டிச் சவர்க்காரத்துக்கே திரும்புங்கள். ‘ஒருத்தர் தொட்டதை இன்னொருத்தர் தொடுவதா’ என்று தயங்க வேண்டாம். நுரைத்துத் தேய்த்து ஓடும் தண்ணீரில் அலசினால் கட்டியின்மேல் இருந்த கிருமி கையில் தங்காது. கட்டியைத் தண்ணீர் தேங்கும் தட்டில் வைக்கக்கூடாது, கூழாகிவிடும். வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு, இரண்டு பிள்ளைக்கு ஒன்றாகக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்தும் போகும், களவும் போகாது. சவர்க்காரம் காணாமல் போகிறது என்பதால்தான் பல பள்ளிகள் அதை அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருக்கின்றன. பூட்டிய சவர்க்காரத்தால் யார் கையும் சுத்தமாகாது.

பிள்ளைகள் உண்மையிலேயே கழுவுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆசிரியரை நிறுத்திக் குறிப்பெடுக்கச் சொல்லாதீர்கள், பார்ப்பவர் இருந்தால் எல்லாரும் கழுவுவார்கள். சமையல் தராசில் திங்கள் காலை கட்டிகளை எடை போடுங்கள், வெள்ளி மதியம் மறுபடி போடுங்கள். ஒரு கழுவலுக்குக் கால் கிராம் என்று குறைத்தே வைத்தாலும், 180 பிள்ளைகள் நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து நாளில் 1,800 கழுவல், 450 கிராம் குறைய வேண்டும். 100 கிராம்தான் குறைந்திருக்கிறது என்றால் பிள்ளைகளைத் திட்டாமல் குழாயடிக்குப் போய் என்ன தடை என்று பாருங்கள்.

கழுவிய பிறகு துடைப்பது பாதி வேலை. ஈரக்கை உலர்ந்த கையைவிட எளிதாகக் கிருமியை வாங்கும், கொடுக்கும். பொதுத் துண்டு வேண்டவே வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு கைக்குட்டை, தினமும் துவைத்தது. இல்லையென்றால் உதறிவிட்டுக் காற்றில் காயவைப்பது மேல்.

கோவிட் காலத்தில் வாங்கிய கைத்தூய்மித் திரவம் இன்னும் வாசலில் நிற்கிறது. நிற்கட்டும். 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் உள்ளது சளிக்காய்ச்சல், கோவிட் கிருமிகளுக்கு நன்றாக வேலை செய்யும். அவற்றுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு, அது கரைந்துவிடும். கை, கால், வாய்ப்புண் நோயைக் கொடுக்கும் கிருமிகளுக்கும், வாந்திபேதி தரும் நோரோ கிருமிக்கும் அந்த உறையே கிடையாது. புழு முட்டைக்கும் ஆல்கஹால் பெரிதாக ஒன்றும் செய்யாது. மண்ணும் எண்ணெயும் படிந்த கையில் எந்தத் திரவமும் வேலைக்காகாது. ஆக, கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் சவர்க்காரமும் தண்ணீரும்தான்.

பாலர் பள்ளி ஆசிரியைகளுக்காகக் கை, கால், வாய்ப்புண் நோயைப் பற்றிக் கொஞ்சம். 1997-இல் சரவாக்கில் இது பரவிக் குழந்தைகள் இறந்த பிறகுதான் நாடு விழித்தது; அப்போது அதைக் கொடுத்தது எண்டெரோவைரஸ் 71. கொப்புளம் வற்றும்வரை பிள்ளையை வீட்டில் வைக்கச் சொல்கிறோம், அது சரி. ஆனால் கொப்புளம் காய்ந்த பிறகும் பல வாரம் மலத்தில் கிருமி வந்துகொண்டிருக்கும். ஆகவே பிள்ளை திரும்பி வந்த பின்னும், கால்கழுவி விடுபவர், உள்ளாடை மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். விளையாட்டுப் பொருளையும் மேசையையும் வெளுப்புத் திரவத்தால் துடைக்கலாம். கடையில் கிடைக்கும் கிளோரோக்ஸ் போன்றவை ஏறத்தாழ 5 விழுக்காடு உள்ளவை. 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. வாந்தி, மலம் பட்ட தரைக்கு 1 லிட்டருக்கு 100 மில்லி. முதலில் அழுக்கை எடுத்துவிட்டு ஊற்றவேண்டும், அழுக்கின்மேல் ஊற்றினால் மருந்து அழுக்கோடே தீர்ந்துவிடும். பத்து நிமிடம் ஊறவிட்டு, பிள்ளை வாயில் வைக்கும் பொருளைத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். அன்று கலந்தது அன்றைக்கே. கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்பும் வாயு நுரையீரலைப் பொசுக்கும்.

அடுத்தது யாரும் கூட்டத்தில் பேசாத விஷயம், பெண்பிள்ளைகளின் கழிப்பறை. தொடக்கப்பள்ளிதானே என்று நினைக்கிறோம். நான்காம் ஐந்தாம் ஆண்டிலேயே பெரியவளாகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதவிடாய் அணையாடையை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளை, புறப்பாட நடவடிக்கை முடிந்து வீடு திரும்ப மூன்று மணி ஆகும். இடையில் ஒருமுறையாவது மாற்றியாக வேண்டும். அங்கே போடத் தொட்டி இல்லை, தாழ்ப்பாள் இல்லை, குழாய் கதவுக்கு வெளியே இருக்கிறது. அதனால் மாற்றாமலே இருப்பாள், தண்ணீர் குடிக்காமல் சிறுநீரையும் அடக்குவாள். தொடையிடுக்கில் புண்ணும் சிறுநீர்த் தாரையில் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. இல்லாவிட்டால் மாதத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கே வரமாட்டாள், ‘வயிற்றுவலி’ என்று கடிதம் வரும்.

வேண்டியவை மிகக் குறைவு. ஒவ்வொரு அறைக்குள்ளும், வரிசையின் கோடியில் பொதுவாக ஒன்று அல்ல, காலால் மிதித்துத் திறக்கும் மூடித் தொட்டி, உள்ளே பை. சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள் சதுரமாக வெட்டி ஆணியில் மாட்டியது. அறைக்குள்ளேயே தண்ணீர், சவர்க்காரம். தொட்டியைத் தினமும் காலிசெய்ய ஒருவருக்குப் பொறுப்பு, அவருக்குக் கையுறை. அணையாடையைக் கழிப்பறைப் பீங்கானுக்குள் போட்டு அடைப்பு ஏற்படுகிறது என்று புகார் வைப்பவர்கள், தொட்டி இல்லாத இடத்தில் அதை வேறு எங்கே போடுவது என்று சொல்லட்டும். ஆசிரியை அறையில் இரண்டு பொட்டலம் எப்போதும் இருக்கவேண்டும், கேட்டு வாங்கும்படி அல்லாமல் எடுத்துக்கொள்ளும்படி. துணி பயன்படுத்தும் குடும்பங்களும் உண்டு, தப்பில்லை. கறை போகக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, சவர்க்காரம் போட்டு அலசி, நேர் வெயிலில் காயவைக்கவேண்டும். பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயவைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ‘தீட்டுத் துணி’ என்று மறைப்பதில்தான் நோய் இருக்கிறது.

பேன், சொறி, கீரிப்பூச்சி. மூன்றும் வந்தால் அம்மாக்கள் முதலில் வெட்கப்படுகிறார்கள். வெட்கத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. நெருங்கிப் படுக்கும் எந்த வீட்டிலும் வரும். பேனுக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. தோல் வெந்துபோகும், நெருப்பு பிடிக்கும், நிறுத்துங்கள். ஈரத்தலையில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, நெருக்கமான பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். முட்டை பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். எனவே மூன்று நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு வாரம் விடாமல் வார வேண்டும். ஒரே நாளில் வாரிவிட்டு ‘போகலையே’ என்று சொல்லக்கூடாது.

சொறிக்குக் கிளினிக்கில் 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு தருவார்கள். அது வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அரிக்கும் இடத்தில் மட்டும் தடவியவர்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரலிடுக்கு, தொப்புள், நகத்தடி உட்பட, ராத்திரி தடவிக் காலையில் குளிக்கவேண்டும். வீட்டில் அரிப்பில்லாதவர்கள் உட்பட எல்லாரும் ஒரே இரவில். ஒரு வாரம் கழித்து மறுபடி. இடையில் கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கிளினிக்கில் கேட்டுத்தான். தலையணை உறை, போர்வை, கைலியை வெந்நீரில் துவைக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். சொறியைக் கொடுக்கும் நுண்பூச்சி உடம்பை விட்டுப் பிரிந்தால் மூன்று நாளுக்கு மேல் தாங்காது. பூச்சி செத்த பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும், பயந்து மேலும் மேலும் பூசாதீர்கள்.

கீரிப்பூச்சி ராத்திரியில் ஆசனவாயில் வந்து முட்டையிடும். பிள்ளை தூக்கத்தில் சொறியும், முட்டை நகக்கண்ணில் ஏறும், காலையில் வாய்க்குப் போகும். மருந்து ஒரு வேளைதான், இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை, குடும்பம் முழுக்க. கூடவே நகத்தை ஒட்ட வெட்டி, உள்ளாடையை மாற்றி, காலையில் எழுந்ததும் குளிப்பாட்டிவிட்டால் முட்டை பரவுவது நிற்கும். பல் தேய்ப்பது, குளிப்பது பற்றி நாங்கள் நீட்டி எழுதவில்லை. நம் சனம் இந்த வெயிலுக்கு நாளைக்கு இரண்டு தடவை குளிக்கிற சனம். ஓட்டை இருப்பது கையில்.

கோயில் நிர்வாகத்தாருக்கு. திருவிழா அன்னதானத்தைப் பற்றி எழுதினால் கோபம் வரும் என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். விடிகாலை நாலு மணிக்கு வடித்த சோறு, பெரிய அண்டாவில் மூடியபடி, பூசை தாமதமாகி மதியம் ஒன்றரைக்குப் பந்திக்கு வருகிறது. அரிசியில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்து கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. சோறு மெல்ல ஆறும்போது, அதாவது 60 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும், அது முளைத்து நஞ்சைக் கக்கும். மறுபடி சூடு காட்டினால் கிருமி சாகலாம், நஞ்சு போகாது. அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருப்பதால் அதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்கவேண்டும். ஒரே அண்டாவாக வடிக்காமல் இரண்டு ஈடாகப் பிரித்து, இரண்டாவதைப் பூசை தொடங்கும்போது ஏற்றுங்கள். தேங்காய்ச் சட்டினியை ராத்திரியே அரைத்து வைப்பதும் வேண்டாம்.

பரிமாறுபவர் கை அடுத்தது. விரலில் சீழ்ப்புண், நகச்சுற்று உள்ளவர் அன்று வாழையிலை போடட்டும், தண்ணீர் தூக்கட்டும். வடை, கேசரி பக்கம் வரக்கூடாது. புண்ணிலும் மூக்கிலும் இருக்கும் கிருமி சோற்றில் விழுந்து கக்கும் நஞ்சும் சூட்டுக்கு அழியாது. சில மணி நேரத்தில் பந்தி முழுக்க வாந்தி எடுக்கும். பிளாஸ்டிக் கையுறை போட்டால் போதும் என்பது ஏமாற்று. அதே கையுறையோடு உண்டியல் காசை எண்ணி, வியர்வையைத் துடைத்து, பிறகு வடை எடுப்பதைவிட நன்றாகக் கழுவிய வெறுங்கையில் கரண்டி பிடிப்பது மேல்.

500 பேர் சாப்பிட வந்தால் ஒருவர் கை கழுவ அரை லிட்டர் என்று வைத்தாலும் 250 லிட்டர் வேண்டும். குழாய் போட்ட நீலப் பீப்பாய் இரண்டு, ஒவ்வொன்றிலும் வலைப்பையில் சவர்க்காரம், பந்திக்குப் போகும் வழியில் வையுங்கள், திரும்பும் வழியில் மட்டும் அல்ல. தண்ணீர்ப் பந்தலில் மோர்ப் பானைக்குள் டம்ளரை முக்கி எடுக்கும்போது விரலும் சேர்ந்து முங்குகிறது. அடியில் குழாய் உள்ள பாத்திரம் வாங்குங்கள். மொட்டை அடிக்கும் இடத்தில் தலைக்கொரு புது பிளேடு, நேர்த்திக்கடன் செலுத்துபவர் கண்முன்னே பிரித்தது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்திலேயே கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி போதுமான அளவு இருக்கும். பிறந்த குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசியை அரசு 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு அந்தக் காப்பு இல்லை. பிளேடை வெந்நீரில் முக்கி எடுப்பது காணாது.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர்களுக்குத் தனியாக எழுதத் தேவையில்லை. 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் பயிற்சியையும் தடுப்பூசியையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. குத்தகை புதுப்பிக்கும்போது அந்தச் சான்றுகளைக் கேட்டு வாங்குங்கள், உதவிக்கு வரும் சொந்தக்காரர்களுடையதையும் சேர்த்து.

கடைசியாகத் தோட்ட அலுவலகத்தாருக்கு. தொழிலாளர் லயத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தருவது, குடியிருப்பு வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டப்படி உங்கள் கடமை, அது நடக்கிறது. ஆனால் வெளிக்காட்டில் காலை பத்து மணிக்குச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பவருக்குக் கை கழுவ என்ன இருக்கிறது? செம்பனைக் காட்டில் எலி இல்லாத நிரை கிடையாது. எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலும் குட்டையிலும் எலிக்காய்ச்சல் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். முள் கிழித்த காயம் வழியாகவும் கண், வாய் வழியாகவும் ஏறும். உதிரிப்பழம் பொறுக்குபவர் நாளெல்லாம் அதே மண்ணில் கையை வைத்துத்தான் பொறுக்குகிறார். டிராக்டரில் குழாய் வைத்த 20 லிட்டர் கலன் ஒன்றும் வலைப்பைச் சவர்க்காரமும் போனால் அரை லிட்டர் கணக்கில் 40 பேர் கழுவலாம். இதைவிட மலிவான மருத்துவச் செலவு உங்கள் கணக்குப் புத்தகத்தில் இல்லை. காயத்தைத் தண்ணீர் புகாத பிளாஸ்திரியால் மூடச் சொல்லுங்கள். காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகிறவர் ‘செம்பனைக் காட்டில் வேலை’ என்று முதலில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வெறும் டெங்கிச் சோதனையோடு அனுப்பிவிடக்கூடும்.

மருந்தடிப்பவர்களுக்குக் கழுவும் இடம் தனியாக வேண்டும். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடையாகிவிட்டது என்பதால் மற்ற களைக்கொல்லிகள் தண்ணீராகிவிடவில்லை. கையுறையைக் கழற்றுமுன் கையுறையோடே சவர்க்காரத்தால் கழுவவேண்டும், கழற்றிய பின் கையை மறுபடி கழுவவேண்டும். சாப்பிடுமுன் மட்டுமல்ல, புகைபிடிக்குமுன், சிறுநீர் கழிக்குமுன்னும்; பிறப்புறுப்பின் தோல் உள்ளங்கையைவிடப் பல மடங்கு மருந்தை உறிஞ்சும். அந்த உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவதும், அதே வாளியில் மற்ற துணியோடு ஊறவைப்பதும் நடக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்கு அருகில் ஒரு குளியலறையும் உடை மாற்ற இடமும் இருந்தால் நடக்காது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் இதை உங்கள் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. அங்கே ஒட்டும் அறிவிப்பு தமிழிலும் மலாயிலும் இருந்தால் போதாது. இன்று நிரையில் நிற்பவர்களில் வங்காளமும் நேப்பாளியும் பேசுகிறவர்களும் உண்டு. படம் வரைந்து ஒட்டுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஓர் அளவுநாடாவும் சமையல் தராசும் கொண்டு வாருங்கள். குழாய் எத்தனை, எவ்வளவு உயரம், பெண்பிள்ளைகள் கழிப்பறையில் எத்தனை அறை, எத்தனை தொட்டி என்று நடந்து அளந்து எழுதிக்கொண்டு, பிறகு வரவு செலவைப் பேசலாம். துளைக்குழாய் பொருத்தக் கூலிக்கு ஆள் தேட வேண்டாம், 2 மில்லிமீட்டர் துரப்பண ஊசி எங்களிடம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதியர், தோட்ட மருத்துவ உதவியாளர், பொதுச் சுகாதார உதவியாளர் சிலர்,
சுங்கை சிப்புட்.